இன்னும் ஒரு வாளி மொஸ்கேத்தா

தேவாலயக் கூரையைப் பழுதுபார்ப்பதற்காகக் கூடிய கூட்டம் இருமலில் முடிந்ததற்கு முழுப் பொறுப்பும் நொல்பெர்த்தோவுடையதுதான். வீட்டுக்கு ஒரு பலகாரம் என்று எல்லோரும் கொண்டுவந்திருந்தார்கள். அவர் தன் கையாலேயே காய்ச்சிய மொஸ்கேத்தா ஜாமைக் கொண்டுபோய், பாதிரியாரின் ரொட்டியில் தாராளமாகத் தடவியும் கொடுத்தார்.

மொஸ்கேத்தா என்பது மலைச்சரிவெல்லாம் முள்ளோடு மண்டிக்கிடக்கும் காட்டு ரோஜாவின் சிவப்புப் பழம். உள்ளே விதையைச் சுற்றிப் பூனைமுடி போல மெல்லிய முடி இருக்கும். தொண்டையில் ஒட்டிக்கொண்டால் அரிப்பு லேசில் விடாது. லொன்கிமாய்ப் பள்ளத்தாக்கில் தவழும் குழந்தைக்குக்கூட இது தெரியும். நொல்பெர்த்தோவுக்கும் தெரியும். ஆனால் அந்த முடியை எப்படி எடுப்பது என்பதைப் பற்றி அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் பார்த்ததெல்லாம் ரொட்டிமேல் ஏறிவிட்ட ஜாமைத்தான். அதனால் நூடுல்ஸ் வடிக்கும் பெரிய ஓட்டைச் சல்லடையிலேயே வடிகட்டிவிட்டார்.

"ஏம்ப்பா நொல்பெர்த்தோ, பழத்தைக் காய்ச்சினியா, இல்ல பூனையைக் காய்ச்சினியா?" என்று பக்கத்து வீட்டு எர்மிந்தா இருமலுக்கு நடுவே கேட்டாள். பாதிரியாருக்குப் பேச்சே வரவில்லை. கூரையை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று கையாலேயே ஜாடை காட்டினார்.

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டினார் நொல்பெர்த்தோ. நோயோடு கட்டிலில் படுத்திருந்த அவர் மனைவி ஒட்டிலியா விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"துணியில வடிகட்டணும், கிழவா. ரெண்டு தடவை," என்றாள் சுவரைப் பார்த்தபடியே.

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லியே!"

"இத்தனை வருஷமா நீ கேக்கவே இல்லியே."

இலையுதிர்காலம் தொடங்கும்போதுதான் தெமுகோ நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நல்லாச் சாப்பிடட்டும், தைரியமா இருங்க என்றார் டாக்டர். தைரியமாக இருக்கச் சொல்வது வைத்தியத்தில் எந்த வகை என்று நொல்பெர்த்தோவுக்கு விளங்கவில்லை. ஊர்ச் சுகாதார நிலையத்து நர்ஸ் யாஸ்னாவைப் பிடித்தார்.

"மொஸ்கேத்தா குடுத்தா நல்லதாம்மா?"

"ரொம்ப நல்லது, ஐயா. ஆரஞ்சைவிட எத்தனையோ மடங்கு வைட்டமின் சி. ஆனா கொதிக்க விட்றாதீங்க, சத்தெல்லாம் போயிடும். வெதுவெதுன்னு ஊறவெச்சுக் குடுங்க. ஈறுக்கு நல்லது, புண்ணு ஆறும்."

"நான் ஈறைப் பத்திக் கேக்கலயே."

யாஸ்னா ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை மடித்துப் பையில் வைத்தாள். எடுத்து மறுபடி மடித்தாள். "நீங்களும் ஒரு டம்ளர் குடிங்க, ஐயா. மெலிஞ்சுட்டீங்க."

அன்றிலிருந்து நொல்பெர்த்தோவுக்குப் பழம் பறிப்பதே வேலை. தோல் கையுறை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட தகர வாளி, பழைய ரயில் குகைப்பாதைக்கு மேலே இருக்கும் சரிவு. உறைபனி ஒரு தடவை தொட்ட பழம்தான் இளகி இனிக்கும் என்று ஒட்டிலியா சொல்லியிருந்தாள். அது மேலேதான் கிடைக்கும். முள் கிழித்த கைகளோடு திரும்பிவந்து, நறுக்கி, விதையும் முடியும் நீக்கி, ஊறவைத்து, துணியில் இரண்டு தடவை வடிகட்டி நீட்டுவார். அவள் கடைசிச் சொட்டுவரை குடிப்பாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. ஆனா பத்தாது, கிழவா. நாளைக்கும் ஒரு வாளி கொண்டா. இன்னும் கொஞ்சம் மேல போய்ப் பாரு."

கேட்டுக் குடிக்கிறாளே என்று அவருக்குப் பெருமை தாங்காது. கன்னத்தில் சிவப்பு ஏறியிருக்கிறது என்று எர்மிந்தாவிடம் சொல்லிப் பார்த்தார். எர்மிந்தா தன் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, ஆமாம், வெயில் நல்லாத்தான் அடிக்குது என்றாள்.

ஒரு காலை, குகைப்பாதை தாண்டி மூச்சிரைக்க ஏறி, பழம் தொங்கும் புதர் முன்னால் நின்று கையுறையை மாட்டிக்கொண்டார். அப்போதுதான் கழுத்தில் வாளி இல்லை என்பது தெரிந்தது. தொப்பியில் பறிக்கலாம் என்றால் தொப்பியில் ஓட்டை. இப்படி ஒரு முட்டாளைக் கட்டிக்கொண்டு ஒட்டிலியா இத்தனை காலம் எப்படிக் காலம் தள்ளினாள் என்று வியந்தபடியே இறங்கினார்.

நாய் வாசலில் படுத்திருந்தது. அவரைப் பார்த்து வாலை ஆட்டவில்லை. காதை மட்டும் வீட்டுப்பக்கம் வைத்திருந்தது.

உள்ளே ஒட்டிலியா அலறிக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கூப்பிட்டாள், அப்புறம் யாரையும் கூப்பிடாமல் வெறுமனே கத்தினாள், அப்புறம் குழந்தை மாதிரி தேம்பினாள். அவள் குரல் அப்படியும் இருக்கும் என்று நொல்பெர்த்தோவுக்குத் தெரியாது. பிரசவத்தின்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டவள்.

விறகுக் குவியலோடு ஒட்டி நின்றார். உள்ளே ஓடத்தான் கால் எழுந்தது. ஓடினால் அவள் நிறுத்திவிடுவாள் என்பதும் உடனே புரிந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையுறையைக் கழற்றினார், மாட்டினார். சத்தம் கொஞ்சம் அடங்கும்வரை அங்கேயே நின்றார். பிறகு வேலிக்கதவுவரை சத்தமில்லாமல் திரும்பிப் போய், கதவைப் படாரென்று அடித்து, நாயை ஊருக்கே கேட்கும்படி திட்டிக்கொண்டு, சீழ்க்கை அடித்தபடி வந்தார். உதடு காய்ந்து சீழ்க்கையில் பாதி வெறும் காற்றாகத்தான் வந்தது.

உள்ளே அமைதி. ஒட்டிலியா போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தாள். தலைமுடியைக்கூட ஒதுக்கியிருந்தாள்.

"என்ன கிழவா, இவ்வளவு சீக்கிரம்? பழம் எங்க?"

"வாளியை மறந்துட்டேன்."

"தலையைக் கயித்துல கட்டித் தொங்கவிட்டாத்தான் அதையாவது மறக்காம எடுத்துட்டுப் போவே," என்று சிரித்தாள். கண் இமை ஈரமாக இருந்தது.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கிழிந்த கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"டாக்டரைக் கேட்டேன், தைரியமா இருன்னாரு. யாஸ்னாவைக் கேட்டேன், ஈறுக்கு நல்லதுன்னா. எர்மிந்தா வெயிலைப் பத்திப் பேசறா. நீயாவது சொல்லு. இந்தப் பழச்சாறு உனக்கு ஏதாவது செய்யுதா?"

அவள் அவர் கையைப் புரட்டி, முள் கீறல்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். பேசியபோது கிழவா என்று கூப்பிடவில்லை.

"இல்ல, நொல்பெர்த்தோ. ஒண்ணும் செய்யல. பனி கொட்டறப்போ நான் இருக்க மாட்டேன். டாக்டர் ஆஸ்பத்திரியிலேயே எங்கிட்ட சொல்லிட்டாரு. நீ மேல போனாத்தான் என்னால வாய்விட்டு அழ முடியுது. அதுக்குத்தான் இன்னும் ஒரு வாளி, இன்னும் ஒரு வாளின்னு உன்னை அனுப்பிக்கிட்டே இருந்தேன்."