கழுதை பேசியதா

வைத்தியர் தவின் யாருடைய சிறுநீரையோ கண்ணாடிக் குப்பியில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "கழுதை பேசாதும்மா" என்றார். அந்தக் குப்பியைப் பிடுங்கித் தரையில் அடித்தால் என்ன என்று மைரோனாவுக்குத் தோன்றியது. ரொட்டிமாவைப் பிசைந்து மூடி வைத்துவிட்டு யூதர் தெருவின் மறுகோடியிலிருந்து நடந்து வந்தது இதைக் கேட்கவா?

அவள் கணவன் கிரெஸ்காஸ் கம்பளித் துணி விற்க மலைமேல் புய்செர்தாவுக்குப் போனவன். அங்கே சத்திரத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போனான். கூடப் போயிருந்த தவின்தான் வைத்தியம் பார்த்தார், அவரே புதைத்தார், சொந்த ஊரான பெர்பின்யாவுக்குத் திரும்பி வந்து சேதி சொன்னதும் அவர்தான். இரண்டு வருஷம் ஆகிறது. சட்டப்படி ஒரே ஒரு சாட்சி போதும், அவள் விதவை. வேறு கல்யாணம் செய்துகொள்ளலாம். ஆனால் அந்த மழைக்காலத்தில்தான் தவின் ஜெபஆலயத்தில் ஒரு பிரசங்கம் செய்து தொலைத்தார். பிலேயாம் என்ற தீர்க்கதரிசியின் கழுதை வாய் திறந்து பேசியதாக வேதத்தில் இருக்கிறதே, அது அவன் தரிசனத்தில் கண்டது, சாலையில் நடந்ததல்ல என்றார். அறிவும் ஆண்டவர் தந்தது, வேதமும் அவர் தந்தது, இரண்டும் மோதுவதுபோலத் தெரிந்தால் நமக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று அர்த்தம் என்றார். பாதி ஊர் தலையாட்டியது. மீதிப் பாதி எழுந்து வெளியே போனது. முதலில் எழுந்தவர் யூத குருவான ரப்பி ஷெல்தியேல். நியாயசபைக்குத் தலைவர் அவர்தான். வேதத்தை மறுக்கிறவனின் சாட்சி செல்லாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். அதோடு மைரோனா விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை. மனைவியை இழந்த மெழுகுவர்த்திக்காரர் போன்தியா அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டிருந்தார். பஸ்கா பண்டிகைக்கு மேல் காத்திருக்க முடியாது என்று அவருடைய அக்கா வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"பேசிச்சுன்னு சபையில ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்களேன். உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?"

"கழுதை விஷயத்துல பொய் சொன்னவன் கிரெஸ்காஸ் விஷயத்துல மட்டும் நிஜம் சொல்றான்னு எப்படிம்மா நம்புவாங்க?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. நேரே ரப்பி வீட்டுக்கு நடந்தாள்.

ரப்பி ஷெல்தியேல் கொல்லையில் குனிந்து முட்டைக்கோஸ் இலைகளில் புழு பொறுக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

"என்னம்மா, மறுபடியும் கழுதையா? பேசிச்சுன்னு எழுதியிருக்கு. அவ்வளவுதான்."

"கண்ணுக்குக் கண்ணுன்னும்தான் எழுதியிருக்கு. போன வருஷம் அந்தத் தச்சனுக்குக் கண்ணு போனப்ப, அடிச்சவன் கண்ணையா தோண்டச் சொன்னீங்க? நஷ்டஈடுதானே கட்டச் சொன்னீங்க?"

"அது முன்னோர் வழிவழியா சொன்ன அர்த்தம்."

"சரி, ஆண்டவரோட கைன்னு எழுதியிருக்கே. அவருக்குக் கை உண்டா?"

"சேச்சே, அவருக்கு உடம்பு ஏது."

"கைக்கு வேற அர்த்தம் இருக்கலாம், கழுதைக்கு இருக்கக் கூடாதாக்கும்."

ரப்பி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, களைப்பாகத்தான் இருந்தார். "கையில ஆரம்பிச்சு கழுதைக்கு வந்துட்டாங்கம்மா. நாளைக்கு ஆபிரகாமும் சாராளும் ஆளே இல்லை, உவமைம்பாங்க. அப்புறம் ஓய்வுநாள்ல நெருப்பு மூட்டக் கூடாதுங்கறதும் உவமைதான்னு அடுப்பை மூட்டுவாங்க. எந்த இடத்துல நிறுத்தறது? நீயே சொல்லு."

மைரோனா காலடியில் கிடந்த இலையைப் பொறுக்கி வேலிப்பக்கம் போட்டாள்.

"அந்தப் புய்செர்தா சத்திரக்காரி கிறிஸ்தவப் பொம்பளைதானே?" என்றார் அவர், குரலை இறக்கி. "அவ பேச்சுவாக்குல 'இன்னார் இங்க செத்தான்'னு சொன்னா அது செல்லும். ஆனா நீ ஆள் அனுப்பிக் கேக்கக் கூடாது. கேட்டு வாங்கினா வேத்து மதத்துக்காரி சாட்சி செல்லாது."

"கேக்காம அவ எதுக்கு ரெண்டு நாள் மலையிறங்கி வந்து எங்கிட்ட சொல்லணும்?"

அவர் புழுவை நசுக்கினார். "திங்கக்கிழமை தவினை வரச் சொல்லு. கடைசியா ஒரு தடவை கேட்டுப் பாக்கறேன்."

திங்கட்கிழமை சபை கூடியது. நடுவர்கள் மூன்று பேர், ஓர் எழுத்தர், எதிரே தவின். மைரோனா வாசலை ஒட்டி நின்றாள். கழுதை பேசியதா என்று ரப்பி கேட்டார். தரிசனத்தில் பேசியது, தரிசனம் பொய் என்று நான் சொல்லவில்லை என்றார் தவின். அப்படியானால் பிலேயாம் கழுதையை அடித்த அடி? அதுவும் தரிசனத்தில்தான். கூட வந்த வேலைக்காரர்கள்? அவர்கள் காதில் எதுவும் விழுந்ததாக எழுதியிருக்கிறதா? இப்படியே போனது. மூன்றாம் நடுவர் தாடி நெஞ்சில் படியத் தூங்கிவிட்டார். எழுத்தர் எழுதிக்கொண்டே இருந்தார். இரண்டு வருஷமாக இந்தக் கழுதையைச் சுற்றியே ஊர் நடக்கிறது என்று நினைத்து மைரோனா பல்லைக் கடித்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கிரெஸ்காஸ் எப்படிச் செத்தான் என்று இதுவரை யாரும் தவினைக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

"வைத்தியரே," என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். "அவரு எப்படிச் செத்தாரு?"

தவின் ரப்பியைப் பார்த்தார்.

"மூணாம் நாள் காய்ச்சல் ஏறிடுச்சு," என்றார் தவின். வாதத்தில் இருந்த குரல் இல்லை இது. "தண்ணி கேட்டான். நான் குடுக்கலை. அந்த மாதிரிக் காய்ச்சலுக்குத் தண்ணி ஆகாதுன்னு புத்தகத்துல எழுதியிருந்துச்சு. கேட்டுக்கிட்டே இருந்தான். சத்திரக்காரி ஒரு குவளையில கொண்டு வந்தா, அவளையும் திருப்பி அனுப்பினேன். மத்தியானம் நீ பக்கத்துல இருக்கறதா நெனச்சு உன் பேரைச் சொல்லி உங்கிட்ட கேட்டான். அப்புறம் கேக்கலை. எழுதியிருந்ததை அப்படியே செஞ்சேன்."

மூன்றாம் நடுவர் விழித்திருந்தார். ரப்பி ஷெல்தியேல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை எழுதிக்கொள்ளட்டுமா என்று அவர் முகத்தைப் பார்த்தார் எழுத்தர்.

சாவு மெய்தான் என்று சபை தீர்ப்புச் சொல்லும்வரை மனைவி துக்கம் காக்கக் கூடாது, இழவுக்கு அடையாளமாக உடையைக் கிழித்துக்கொள்ளவும் கூடாது. மைரோனாவுக்கும் அது தெரியும். அவள் அங்கியின் கழுத்துப்பட்டியை இரண்டு கையாலும் பிடித்தாள். கெட்டித் துணி, முதலில் மசியவில்லை. இன்னொரு தரம் இழுத்தாள். நெஞ்சுவரை கிழிந்தது. அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

ரப்பி கையைத் தூக்கினார். தடுக்கிற கையா, இழவு வீட்டில் ஆசி சொல்லத் தூக்குகிற கையா என்று தெரியவில்லை. பாதி தூரத்தில் அது அப்படியே நின்றது. எழுத்தர் தாளுக்குமேல் பிடித்திருந்த இறகுப்பேனாவின் நுனியில் ஒரு சொட்டு மை திரண்டுகொண்டிருந்தது.