காலர் மெஷினில் யார்?

சைரன் ஊதுவதற்குள் முடித்தாக வேண்டும். மூத்தவள் காலர் மெஷின்மேல் குனிந்து, மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் திருகை மளமளவென்று தளர்த்தினாள். இனி மேலே பார்த்தால் தையல் மணிமணியாக இருக்கும். துணியைத் திருப்பினால் நூல் சுருள் சுருளாகத் தொங்கும்.

திருட்டுத்தனம்தான். ஆனால் வயிற்றெரிச்சல் யாரைச் சும்மா இருக்க விட்டது?

மாதக்கணக்கில் அந்த ஜன்னலோர இருக்கையில் அவள்தான் ராணி. இன்று அதற்குரியவள், மார்பில் வந்த கட்டியை ஆபரேஷன் செய்து எடுக்கப் போட்ட லீவு முடிந்து வருகிறாள். வேறு யாருமில்லை, கொழுந்தன் பெண்டாட்டி. வீட்டில்தான் இளையவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள் என்றால், தையற்கூடத்திலுமா?

சூப்பர்வைசர் காதில் ஏற்கெனவே ஓதி வைத்திருந்தாள்: உடம்பு தேறாதவளை எடுத்த எடுப்பில் காலரில் உட்கார வைத்தால் ஆர்டர் கெடும், ஒரு சாம்பிள் தைக்கச் சொல்லிப் பாருங்கள். சாம்பிள் சொதப்பினால் இளையவள் பட்டன் பிரிவுக்குப் போவாள்.

இளையவள் வந்தாள். மெலிந்திருந்தாள், பாவி, அதுகூட அவளுக்கு அழகாகத்தான் இருந்தது. ஆளாளுக்கு ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சூப்பர்வைசர் சாம்பிள் பேச்சை எடுத்ததுமே ஆபீஸ் மேடம் குறுக்கே வந்தாள். மருத்துவ லீவில் போனவர் திரும்பினால் அதே வேலை, அதே சம்பளம். நடுவில் பரீட்சை வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னாள். புது டிசைனுக்குச் சாம்பிள் வேண்டுமானால், இத்தனை நாள் அந்த மெஷினில் உட்கார்ந்த மூத்தவளே அதில் தைத்துக் காட்டட்டும் என்றாள்.

அத்தனை கண்கள் பார்க்கும்போது திருகைத் தொட முடியுமா? வியர்க்க வியர்க்கத் தைத்தாள். சூப்பர்வைசர் துணியைத் திருப்பினார்.

"என்னம்மா இது, சிலந்தி வலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். இளையவள் சிரிக்கவில்லை. திருகைத் தொட்டதுமே அவள் விரலுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ரொம்ப ஓடினதுல லூஸாயிருக்கும் சார்" என்று இறுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

அடித்திருந்தால்கூட மூத்தவள் தாங்கியிருப்பாள். இந்தப் பெருந்தன்மைதான் சுட்டது. சாப்பாட்டு இடைவேளையில் கை கழுவும் அறைக்குள் போய் நின்றுகொண்டாள். இளையவள் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"செத்துப் பொழைச்சு வந்திருக்கேன்க்கா. இந்த சீட்டு மேல உங்களுக்கு ஏன் இவ்வளவு வெறி?"

மூத்தவள் குழாயைத் திறந்தாள், மூடினாள்.

"சீட்டு மேல இல்லடி. நீ பாட்டுக்கு லீவு போட்டுட்டுப் போய்ப் படுத்தே. உனக்காக அதை வச்சிருந்தாங்க. அப்படியும் நடக்கும்னு எனக்கு யார் சொன்னா? பார்க்கப் பார்க்க எரிஞ்சுது."

"உங்களுக்கு எதுக்குக்கா அந்த லீவு?"

மூத்தவள் இளையவளின் கையை இழுத்து, தன் அக்குளோரம், மார்பின் பக்கவாட்டில் வைத்து அழுத்தினாள். விரலடியில் கல் மாதிரி ஒன்று நெருடியது.

"உன்னோடதுக்கு முன்னாடியே வந்தது. வேலை போயிடும்னு யார்கிட்டயும் வாயத் திறக்கல."