விரல்களுக்கு ஒதுக்கிய இடம்

எங்கள் தொழிலே கஞ்சத்தனம்தான். வீடியோவைச் சுருக்குவதென்றால் வேறொன்றுமில்லை. அசையாத சுவரை ஒரு தடவை அனுப்பிவிட்டு, அடுத்து வரும் படங்களுக்கெல்லாம் ‘அதே சுவர்தான், போ’ என்று சொல்லிவிட வேண்டும். மிச்சம் பிடித்த டேட்டாவை முகத்துக்குச் செலவழிக்க வேண்டும். முகம் பளிச்சென்று இருந்தால் பார்க்கிறவர் குறை சொல்லமாட்டார். இந்த வேலையில் என்னைப் போல ஒரு பிசினாரி கிடையாது என்று நானே மார்தட்டிக்கொள்வேன்.

ஆனால் என் அண்ணனுக்கு முகம் மட்டும் போதாது. அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வீடு கட்டுவதற்கு வரைபடம் போடுகிற ஆர்க்கிடெக்ட். வாய் பேசாவிட்டாலும் வாய்க்கொழுப்புக்குக் குறைவில்லை, எல்லாம் கையில் இருக்கிறது. வீடியோ காலில் நெட் கொஞ்சம் இழுத்தால் போதும், முகம் அப்படியே இருக்க, அவன் விரல்கள் கரைத்த மாவாகிவிடும். நான் “என்ன, என்ன?” என்று கேட்பேன். அவனுக்குக் கோபம் வரும், இன்னும் வேகமாகக் கையை வீசுவான், அது இன்னும் கரையும். எத்தனையோ சண்டையை நாங்கள் பாதியில் நிறுத்தியிருக்கிறோம்.

அதற்காகத்தான் அந்த உத்தியைச் செய்தேன். வேகமாக அசையும் கையைக் கண்டுகொண்டு, சுவரிலும் சட்டையிலும் பிடித்த மிச்சத்தை விரல்களின் ஓரத்துக்குக் கொடுத்துவிடும். இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டினேன். எல்லாக் கம்பெனிகளும் கூடி வகுக்கிற புதிய வீடியோ தரத்தில் அது இடம்பிடித்தால்தான் எல்லா ஃபோன்களுக்கும் போகும். இப்போது நடக்கிற கூட்டத்தோடு அந்தத் தரத்துக்குக் கதவைச் சாத்துகிறார்கள். அடுத்த கதவு திறக்க எப்படியும் பத்து வருடம் ஆகும்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கொண்டுவந்ததைப் போட்டிக் கம்பெனிக்காரர்தான் தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு வாய்த்தவர் ஃபோன் சிப் செய்யும் ஒரு கம்பெனிக்காரர். முசுடு என்று நாங்கள் வைத்த பெயர் அவருக்கும் தெரியும், அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை.

முசுடு எழுந்தார். “ஓட்டிப் பார்த்தேன். அவங்க கணக்கெல்லாம் சரிதான். ஆனா ஆளுங்களை உட்கார வெச்சுக் காட்டினப்போ பழசுக்கும் புதுசுக்கும் ஒரே மார்க்குதான் போட்டாங்க. வித்தியாசமே தெரியாத ஒண்ணுக்காக எல்லா சிப்புலயும் இடம் ஒதுக்கணுமா?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. காட்டியது என் அண்ணன் கையால் பேசும் வீடியோ.

“பார்த்தவங்களுக்குச் சைகை மொழி தெரியுமா சார்?”

“தெரியாது. படம் எப்படி இருக்குன்னு சொல்றதுக்கு அது எதுக்கு?”

“பேச்சே அழிஞ்சுபோன வீடியோவுக்கு நல்ல மார்க்கு போட்டிருக்காங்க. அதுக்குத்தான்.”

கூட்டத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். “நாளைக்கு மத்தியானம் முடிச்சிடுவோம். அதுக்குள்ள இன்னொரு சோதனை நடந்தா எடுத்துக்கலாம்.”

அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். ஃபோனிலேயே பார்த்துச் சொல் என்று கேட்கவும் வழியில்லை, வீடியோ காலும் படத்தைச் சுருக்கித்தானே அனுப்பும். அவன் காலை ரயிலைப் பிடித்து நேரே வந்து இறங்கிவிட்டான். சோதனை அறை வாசலில் முசுடு நின்றிருந்தார்.

“வீடியோவுல இருக்கிறவரே வந்து மார்க்கு போட முடியாது. சொந்தக்காரங்களும் கூடாது. நீங்களும் உள்ள வரக்கூடாது.”

அவர் சொன்னது நியாயம். அதுதான் வயிற்றெரிச்சல். அண்ணனுக்குக் கையால் சொன்னேன்.

“இந்த ஆளு பொறக்கும்போதே இப்படித்தானா?” என்று கேட்டான்.

“சிரிக்க வைக்காத அண்ணா, பார்க்கிறாரு.”

அப்போதுதான் படியேறி ஐந்து பேர் வந்தார்கள். வரும்போதே கைகளால் வளவளவென்று பேசிக்கொண்டு வந்தார்கள். அந்த ஊர் காது கேளாதோர் சங்கத்துக்கு முசுடு முந்தின நாளே ஆள் அனுப்பியிருக்கிறார். என்னிடம் மூச்சு விடவில்லை. போட்டிக்காரராக இருந்தும் இப்படி ஒழுங்கு பார்க்கிற தொழிலில் நானும் இருக்கிறேன் என்று எனக்கு அப்போதே ஒரு கர்வம் வந்தது.

இந்தத் தடவை மார்க்கு இல்லை. வீடியோவில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று எழுதித் தர வேண்டும். முதலில் பழைய முறையில் சுருக்கியதைக் காட்டினார்கள், பிறகு என்னுடையதை. அண்ணனும் நானும் நடைபாதையில் ஆறிப்போன காப்பியோடு உட்கார்ந்திருந்தோம்.

மத்தியானம் முசுடு மைக்கைப் பிடித்தார். “பழைய முறையில ஒருத்தர் ‘மாடி, தண்ணி, பூனை’ன்னு எழுதியிருக்கார். இன்னொருத்தர் ‘யாருக்கோ கல்யாணம்’கிறார். மீதிப் பேர் ஒண்ணும் புரியலைன்னுட்டாங்க.” அறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “புது முறையில அஞ்சு பேரும் ஒரே மாதிரி எழுதியிருக்காங்க. ‘மேல் வீட்டுக் குளியலறை என் தலையில ஒழுகுது. ஊருக்கெல்லாம் வீடு வரையிறவன் வீடே ஒழுகினா என் மானம் என்ன ஆகுறது?’ நேத்து நான் சொன்னது தப்பு. ஆளையும் தப்பாப் பிடிச்சேன், கேள்வியையும் தப்பாக் கேட்டேன்.”

“எதிர்ப்பு உண்டா?” என்றார் தலைவர்.

ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

“ஏற்கப்பட்டது.”

எங்கள் கூட்டத்தில் கை தட்டுகிற வழக்கமில்லை. ஒரு சொல்லோடு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். ஆனால் முசுடு உட்காரவில்லை. “இதைக் கூட்டக் குறிப்புல எழுத வேண்டாம். எங்க அடுத்த சிப்புல இது இருக்கும்.” கம்பெனி விஷயத்தை ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லாத மனிதர். எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். இருநூறு பேர் இருந்த அந்த அறையில் என்னைவிடப் பெருமைக்காரி யாரும் இல்லை.

அண்ணன் பின்கதவுப் பக்கம் நின்றிருந்தான். “என்னடி சொல்றாங்க?” என்று கேட்டான்.

நான் கையைத் தூக்கினேன். ஏத்துக்கிட்டாங்க, இனிமே எல்லா ஃபோன்லயும் வரும், யார் கையை வீசிப் பேசினாலும் தெரியும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான்.

“இவ்வளவு வேகமா வீசாதே. ஒரு விரலும் தெரியலை. திரும்பச் சொல்லு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலும் தெரிகிற மாதிரி நிதானமாகத் திரும்பச் சொன்னேன்.