பென்சில் கோடும் வெள்ளை பெயிண்டும்

என் வீட்டுக்காரர் பெயிண்டர். ஊரார் வீட்டு சீலிங்கையெல்லாம் பளிச்சென்று ஆக்கிய வலது கையால், தன் தலையைச் சீவிக்கொள்ள முடியாமல் போய்விட்டது. தோள் மூட்டு இறுகிவிட்டதாம். சட்டையை நான்தான் மாட்டிவிட வேண்டும். மாட்டிவிட்டால் எனக்கே திட்டு விழும்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா இப்படித் தோள் இறுகியவர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். ரத்தத்தில் சர்க்கரையும் வீக்கத்தைக் காட்டும் அளவும் எப்படி இருக்கின்றன, கை எவ்வளவு உயர்கிறது, இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்கிறார்களாம். இவரையும் சேர்த்துக்கொண்டார்கள். தோள் வலிக்கு எதற்கு ரத்தம் என்று முறுக்கிக்கொண்டார் மனுஷன். ஆனாலும் சோதனைக்கு முந்தின இரண்டு நாள் வாயைக் கட்டி நல்ல பிள்ளையாக இருந்தார். அவர்கள் பார்த்ததோ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. குட்டு வெளிப்பட்டுவிட்டது. சர்க்கரை இருந்தால் தோள் இறுகும் வாய்ப்பு அதிகம், மருந்து, சாப்பாட்டில் கட்டுப்பாடு, பயிற்சி எல்லாமே வேண்டும் என்றார் டாக்டரம்மா. இவர் என்னை முறைத்தார், நான்தான் அத்தனை சர்க்கரையையும் ஊட்டிவிட்ட மாதிரி.

பயிற்சி ஒன்றும் பெரிய வித்தையில்லை. சுவரைப் பார்த்து நின்று, விரல்களாலேயே மேலே ஏற வேண்டும். எட்டிய இடத்தில் ஒரு கோடு போடச் சொன்னார்கள். நானும் வாராவாரம் கூடத்துச் சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். இவருக்கோ சுவரில் ஒரு புள்ளி இருந்தால் சோறு இறங்காது. ஸ்டூலில் பெயிண்ட் டப்பாவை வைத்து, இடது கையால் பிரஷ் பிடித்து, மறுநாளே கோட்டை மறைத்துவிடுவார். கேட்டால், பெயிண்டர் வீட்டுச் சுவர் இப்படியா இருக்கும் என்பார். தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர நான் என்ன செய்ய?

அடுத்த ரத்தச் சோதனையில் சர்க்கரை நன்றாகவே இறங்கியிருந்தது. வீக்கத்தைக் காட்டும் அளவும் குறைந்திருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். இவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீடு வந்தார்.

"ரத்தம் சரியாயிடுச்சு. கை அப்படியேதான கெடக்கு?"

அதோடு விட்டாரா? இவரோடு வேலை பார்க்கும் என் தம்பிக்கு போன் போட்டு, காலையில் வந்து ஏணியை எடுத்துப்போகச் சொல்லிவிட்டார். இனி ஏணி ஏறிச் செய்யும் வேலை முழுக்க அவனுக்கு. இவர் கீழே நின்று பெயிண்ட் கலக்குவாராம். ஏணி ஏறாவிட்டால் இந்த மனுஷன் பாதியாகிவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

கை உயர்ந்திருக்கிறது என்று சத்தியம் செய்தேன். எங்கே காட்டு என்றார். எதைக் காட்டுவது? அத்தாட்சியெல்லாம் இவர் பெயிண்டுக்கு அடியில். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, போன வாரம் எட்டிய இடத்தில் அழுத்தி ஒரு கோடு கிழித்தேன். கிழித்துவிட்டு அதே ஸ்டூலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன்.

"சுவத்த ஏன் பாழாக்குற?" என்று இவர் டப்பாவோடு வந்தார். வைக்க ஸ்டூல் இல்லை. இடது கையில் டப்பாவைப் பிடித்தபடியே கோட்டின் மேல் பிரஷைச் சரசரவென்று இழுத்தார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளை பெயிண்ட் இவர் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது. வலது முழங்கை. பிரஷ் இவர் தலைக்கு மேலே இருந்தது.

"ஏங்க, எந்தக் கையால அடிக்கிறீங்க?"

இவர் அண்ணாந்து பார்த்தார்.

"வலிக்குதா?"

"வலிக்குது," என்றார், கண் கலங்கச் சிரித்துக்கொண்டே. இறக்கினால் மறுபடி ஏறாதோ என்ற பயம் போல, கையை இறக்கவேயில்லை. நல்ல கை எட்டும் உயரத்துக்கு இன்னும் ஒரு சாண் பாக்கி இருந்தது.

நான் தம்பியை போனில் கூப்பிட்டு இவர் காதில் வைத்தேன்.

"மச்சான், ஏணி எடுக்க வராத," என்றார். "வேலைக்குப் போலாம். என்னைக் கூட்டிட்டுப் போக வா."