குழாய்க்குக் குளிருதோ?

மனிதகுலத்தில் பொறாமை என்ற குணமே இல்லாமல் பிறந்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவன் மன்னார் மாவட்டத்தில் இருக்கிறான். அது நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உயரமான ஒருவன் தன் உயரத்தைச் சொல்வதுபோல ஒரு தகவலாகச் சொல்கிறேன். இன்னொரு தகவலும் இருக்கிறது: இந்தத் தனஞ்சயன் அடைத்த ஓட்டையால் நெருப்பு போகாது. போக விரும்பினாலும் போகாது.

ஓட்டை என்றால் சுவரில் குழாய் போவதற்காக உடைக்கும் ஓட்டை. குழாய் போன பிறகும் அதைச் சுற்றிக் கொஞ்சம் இடைவெளி மிஞ்சும். ஒரு அறை தீப்பிடித்தால் அந்த இடைவெளியால்தான் நெருப்பு அடுத்த அறைக்குள் எட்டிப் பார்க்கும். ஆகவே அதை அடைக்க வேண்டும். அடைத்தது ஒரு மணித்தியாலம் தாங்குமா என்பதை எரித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியில் இதைக் கடைசி ஆண்டுச் செயற்றிட்டமாகத் தந்தவர் இந்திராதேவி மிஸ். வகுப்பில் பெரும்பாலானோர் கொங்கிறீற் கட்டிகளை உடைக்கப் போய்விட்டார்கள். குழாய்ப் பக்கம் வந்தது மூன்று பேர். நிவேதிகா வந்தாள், சூட்டை அளந்து பதிவதற்கு. நான் வந்தேன், நாட்டின் கட்டடங்களைக் காப்பாற்றுவதற்கு. கோகுலன் ஏன் வந்தான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கொழும்பில் பெரிய சூளை வைத்துச் சோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்று எங்கள் கல்லூரிக்கு இரண்டு இடம் தந்திருந்தது. ஆறு மாதப் பயிற்சி. முதல் இடம் நிவேதிகாவுக்கு என்பது முன்னமே முடிவான விஷயம். அவளுடைய புள்ளிகளுக்குப் பக்கத்தில் எங்கள் புள்ளிகள் நிற்கவே கூச்சப்படும். இரண்டாவது இடத்துக்கு மிஸ் ஒரு வழி சொன்னார். ஒரே சுவர், இரண்டு இரும்புக் குழாய். ஒன்று எனக்கு, ஒன்று கோகுலனுக்கு. யாருடையது தாங்குகிறதோ அவர் நிவேதிகாவோடு கொழும்புக்குப் போகலாம்.

‘நிவேதிகாவோடு’ என்று மிஸ் சொல்லவில்லை. அதை நான் விளக்கத்துக்காகச் சேர்த்தேன்.

கோகுலன் நல்லவன். எல்லாரும் இதைச் சொல்வார்கள். அடிக்கடி சொல்வார்கள். கன்ரீனில் றோல்ஸ் தின்னும்போதுகூடச் சொல்வார்கள். முருங்கன் பக்கம் வயல் கிராமம் ஒன்றில் இருந்து வருகிறவன். அவனுடைய ஆட்கள் மலையகத்தில் இருந்து வந்து அங்கே குடியேறியவர்கள். கதைக்கும்போது எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பான். இப்படிப்பட்ட ஆட்களோடு எப்படிப் போட்டி போடுவது?

நான் என் ஓட்டையைச் சீமெந்துச் சாந்தால் இறுக்கி, அதற்கு மேல் சூடு பட்டால் பொங்கி அடைக்கும் சிவப்புப் பசையை விளிம்பு விளிம்பாகப் பூசினேன். கேக்குக்கு ஐசிங் போடுகிறவர்கள் வந்து பார்த்துப் படிக்கலாம், அப்படியொரு வேலை. கோகுலனும் அதையேதான் செய்தான். ஆனால் அதோடு நிற்கவில்லை. அடுத்த நாள் பட்டறைக்குப் போனபோது, சுவருக்கு இரண்டு பக்கமும் குழாயின்மேல் எதையோ சுற்றிக்கொண்டு இருந்தான்.

“என்னடா செய்யிறாய்?”

“ரொக்வூல் சுத்திறன் மச்சான். ஒவ்வொரு பக்கமும் ஒரு முழம்.”

“ஓட்டையை அடைக்கச் சொன்னா ஏன்டா குழாயைச் சுத்திறாய்?”

“நெருப்பு ஓட்டையால வராட்டியும் சூடு குழாயால வருமெல்லோ. இரும்புதானே.”

நான் பட்டறை முழுவதுக்கும் கேட்கும்படி சொன்னேன். “மன்னார் வெயிலுக்கு மனிசரே உடுப்பைக் கழட்டிப்போட்டு நிக்கினம். இவர் குழாய்க்குக் கம்பளி போடுறார். என்ன, குழாய்க்குக் குளிருதோ? உங்கட தாத்தா மலையில இருந்து இறங்கி வரேக்க இதையும் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தவரோ?”

கொங்கிறீற் உடைத்துக்கொண்டு இருந்தவர்கள் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். நிவேதிகாவும் சிரித்தாள். அவளுடைய இடது கன்னத்தில் குழி விழுந்தது. அந்தக் குழியை நான் அடைக்க விரும்பவில்லை.

கோகுலன் கம்பியை முறுக்கிக்கொண்டே சொன்னான். “குழாய்க்குக் குளிரேல்ல மச்சான். நீ அதில சட்டை கொழுவுவாய். அதுக்குத்தான்.”

அது உண்மைதான். வெக்கை தாங்காமல் சட்டையைக் கழற்றினால் கண்ணில் படும் முதல் குழாயில் கொழுவுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். கல்லூரிக் குழாய்களில் தண்ணீர் வந்த நாட்களைவிடச் சட்டை தொங்கிய நாட்களே அதிகம். ஆனால் உண்மை என்பதற்காக ஒருவன் அதை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டுமா?

சிரித்து முடித்த நிவேதிகா என்ன செய்தாள் என்றால், நேரே போய் அவனுக்குப் பக்கத்தில் குந்தி ரொக்வூலின் மற்ற நுனியைப் பிடித்தாள். ரொக்வூல் என்பது கல்லை உருக்கிப் பஞ்சாக இழுத்தது. தோலில் பட்டால் கடிக்கும். கொஞ்ச நேரத்தில் அவள் கையைச் சொறியத் தொடங்கினாள்.

“கடிக்குதோ?” என்றான் கோகுலன்.

“ஓம், முழங்கை வரைக்கும்.”

அவன் எழும்பிப் போய், தண்ணீர்க் குழாயில் கொழுவியிருந்த தன் நீல நிற முழுக்கைச் சட்டையை எடுத்துக் கொடுத்தான். “இதை மேலால போடுங்கோ.”

அவள் போட்டாள். கையை இழுத்து மணிக்கட்டு வரை விட்டாள். “இந்த நீலம் நல்ல வடிவு, கோகுல்.”

கோகுல். மூன்றெழுத்து. என்னை அவள் கூப்பிடுவது தனஞ்சயன் என்று; ஆறு எழுத்தும் சிந்தாமல் சிதறாமல்.

அறிவியல் ஆர்வத்தால் நானும் மிஞ்சிக் கிடந்த ரொக்வூல் துண்டை எடுத்து இரண்டு கையிலும் தேய்த்துப் பார்த்தேன். எனக்கும் கடித்தது. நிவேதிகாவுக்குத் தெரியும் தூரத்தில் நின்று சொறிந்தேன்.

“என்ன தனஞ்சயன், சொறியிறீர்?”

“கடிக்குது.”

“உம்மட குழாய்க்கு நீர் ஒண்டும் சுத்தேல்லையே. பிறகெப்பிடிக் கடிக்குது?”

ஒருவரும் சட்டை தரவில்லை.

அன்று பின்னேரம் மன்னார்க் கடைத்தெருவுக்குப் போய் ஒரு நீலச் சட்டை வாங்கினேன். எனக்குச் சட்டை தேவையாக இருந்தது, கடையில் நீலம் இருந்தது, அவ்வளவுதான். அவனுடைய நீலத்தைவிட என்னுடையது கொஞ்சம் கூடிய நீலம் என்பதைக் கடைக்காரரே ஒத்துக்கொண்டார். அடுத்த நாள் அதை மடித்தபடி நிவேதிகாவிடம் நீட்டினேன்.

“கை கடிச்சா இதைப் போடும்.”

“எனக்கு இப்ப கடிக்கேல்லையே,” என்றாள். “வேலை நேற்றே முடிஞ்சுதெல்லோ.”

சோதனை நாள் சோழகக் காற்று பலமாக அடித்தது. பட்டறைக்குப் பின்னால் சுவரின் ஒரு பக்கம் செங்கல் சூளை. அதற்குள் எண்ணெய் எரியடுப்பு இரைந்தது. இரண்டு குழாய்களின் வாயையும் உள்ளே மூடியிருந்தோம். மற்றப் பக்கம், அதாவது தப்பிப் பிழைக்க வேண்டிய பக்கம், நாங்கள் நின்றோம். மிஸ் கதிரை போட்டு இருந்தார். சுவரின் நிழலில் வழக்கமான கழுதை நின்றது. வேலை நடக்கும் இடமெல்லாம் வந்து ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டு நிற்பதால் அதற்கு ஓவசியர் என்று பெயர்.

மிஸ் விதிகளை இன்னொருமுறை சொன்னார். இந்தப் பக்கம் நெருப்புத் தெரியக்கூடாது. அடைப்புக்குக் கிட்டப் பிடிக்கும் பஞ்சு பற்றக்கூடாது. அடைப்போ குழாயோ தொடக்கத்தில் இருந்த சூட்டைவிட நூற்றெண்பது பாகைக்கு மேல் ஏறக்கூடாது. முதல் இரண்டையும் கவனமாகக் கேட்டேன். மூன்றாவதைச் சொல்லும்போது நிவேதிகா வெப்பமானிக் கம்பியைக் கோகுலனின் குழாயில் கட்டிக்கொண்டு இருந்தாள். அவன் கம்பியைப் பிடித்துக்கொடுத்தான். அதற்கு இரண்டு பேர் தேவையா என்ற பொறியியல் கேள்வியில் நான் மூழ்கியிருந்தேன்.

அடுப்பு நன்றாக ஏறிய பிறகு, பையில் இருந்த புதுச் சட்டையை எடுத்து உதறி, சுவருக்கு ஒட்டினாற்போல் என் குழாயில் கொழுவினேன்.

“இதென்ன தனஞ்சயன்?” என்றார் மிஸ்.

“நம்பிக்கை, மிஸ். என்ர அடைப்பைத் தாண்டி ஒண்டும் வராது.”

மிஸ் என்னையும் சட்டையையும் பார்த்தார். “சரி, கிடக்கட்டும். கட்டிடங்களிலயும் ஆக்கள் இப்பிடித்தானே கொழுவுவினம்.”

கோகுலன் கிட்ட வந்து மெதுவாகச் சொன்னான். “மச்சான், புதுச் சட்டை. எடுத்து வையன்.”

அவனுக்கு என் சட்டைமேல் பொறாமை என்று விளங்கியது. பாவம். நான் மன்னித்தேன்.

என் அடைப்பு அற்புதமாக வேலை செய்தது. உள்ளே நரகம், இந்தப் பக்கம் ஒரு வெடிப்பில்லை, ஒரு கீற்று வெளிச்சமில்லை. மிஸ் கம்பிச் சட்டத்தில் பஞ்சை வைத்து அடைப்புக்குக் கிட்டப் பிடித்தார். பஞ்சு பஞ்சாகவே இருந்தது.

“பார்த்தீரோ?” என்றேன் நிவேதிகாவிடம்.

அவள் அளவியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. “அடைப்பு நல்லம். குழாய் ஏறுது.”

“குழாய் குழாய்தானே. நெருப்பு வந்ததோ?”

“நெருப்பு வரேல்ல. சூடு வருது.”

முதலில் கண்டுபிடித்தது ஓவசியர். தலையை நிமிர்த்தி மூக்கைச் சுருக்கியது. பிறகு திரும்பி, வெயிலுக்குள் நடந்து போனது. வேலைத்தளமொன்றை அது தானாக விட்டுப் போனதை நாங்கள் அன்றுதான் கண்டோம். நான் திரும்பிப் பார்த்தபோது சட்டையின் கழுத்துப் பட்டி தேத்தண்ணி நிறமாகியிருந்தது. பிறகு கோப்பி நிறம். பிறகு மெல்லிய நூல்போல ஒரு புகை, காற்றுக்குச் சாய்ந்து, நேரே மிஸ்ஸின் கதிரையை நோக்கிப் போனது.

இரும்புக் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்து சட்டையை இழுத்துக் கீழே போட்டு மிதித்தவன் கோகுலன். நல்லவன் என்று சொன்னேனே.

“நூற்றெண்பது தாண்டிட்டுது மிஸ்,” என்றாள் நிவேதிகா. அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

மிஸ் என் பக்கம் திரும்பினார். “தனஞ்சயன், உம்மட ஓட்டை பாஸ். உம்மட குழாய் பெயில். ரெண்டும் ஒரே சுவரிலதான் இருக்கு.”

மணித்தியாலம் முடியும்வரை மற்றக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கோகுலனின் கம்பளிக்கு மேலும், அது முடியும் இடத்தில் வெறும் இரும்பிலும் கம்பி கட்டி அளந்தார்கள். ஏறியது, எல்லைக்குள் நின்றது. ஒருவரும் கைதட்டவில்லை. நிவேதிகா மட்டும் அவனைப் பார்த்துச் சிரித்தாள். இந்த முறை குழி இரண்டு கன்னத்திலும் விழுந்தது. இரண்டாவது குழி இருப்பதே எனக்கு அன்றுவரை தெரியாது.

கோகுலன் சட்டையைத் தட்டிக் கொடுத்தான். “கழுத்துப் பட்டிதான் கருகிப் போச்சுது மச்சான். கை ரெண்டும் நல்லா இருக்கு.”

அவர்கள் கொழும்புக்குப் போன அன்று மன்னார் ஸ்ரேசனுக்குப் போனேன். வழியனுப்பத்தான் போனேன்; யார் எந்த ஆசனத்தில் இருக்கிறார்கள் என்று பார்க்க அல்ல. பக்கத்துப் பக்கத்து ஆசனம். யன்னல் பக்கத்தை அவளுக்கு விட்டிருந்தான்.

“உம்மட அடைப்பில ஒரு வெடிப்புக்கூட விழேல்ல தனஞ்சயன்,” என்றாள் நிவேதிகா யன்னலால். “உண்மையாத்தான் சொல்லுறன். நீர் ஓட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திட்டீர்.”

“ஓம்,” என்றேன். றெயில் வெளிக்கிட்டது.

பிறகு எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்தன. முதல் படத்தில் இருவரும் பெரிய சூளைக்கு முன்னால் நின்றார்கள். நடுவில் ஒரு ஆள் நிற்கலாம். இரண்டாவது படத்தில் ஒரு வாளி வைக்கலாம். மூன்றாவதில் ஒரு தாள் போகும், அதுவும் மெல்லிய தாளாக இருந்தால். அவள் நீலச் சட்டை போட்டிருந்தாள். இடைவெளியை அளப்பது என் தொழில் என்பதால் கவனித்தேன். மூன்றுக்கும் பெருவிரல் அடையாளம் போட்டேன்.

எனக்குத் தலைமன்னார் வீதியில் புதிதாகக் கட்டும் நண்டுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கொதிகலன் அறையில் இருந்து நண்டு அவிக்கும் கூடத்துக்கு இரும்புக் குழாய்கள் போகின்றன. சுவர் ஓட்டைகளை அடைப்பது என் பொறுப்பு. அடைத்தேன். விளிம்பு விளிம்பாக, ஐசிங்போல. கழுத்துப் பட்டியை வெட்டிய நீலச் சட்டைதான் இப்போது என் வேலைச் சட்டை.

ஏணியில் இருந்து இறங்கி அழகு பார்த்துக்கொண்டு நின்றபோது, கூடத்தைக் கழுவிக்கொண்டு இருந்த அந்தோனியம்மா அக்கா வந்தா. இடுப்பில் கட்டியிருந்த ஈரச் சீலைத் துண்டை அவிழ்த்துப் பிழிந்து, நான் அடைத்த ஓட்டைக்குக் கிட்டக் குழாயில் எட்டிக் கொழுவினா.

“அக்கா, அதில கொழுவ வேண்டாம்.”

“ஏன், உம்மட குழாயோ தம்பி?”

“இல்லை.”

“பிறகென்ன?” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக்குப் போயிட்டா.

துண்டு தொங்கியது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. நான் வாசலை எட்டிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. துண்டை எடுத்துக் கதவுப் பிடியில் போட்டேன். மூலையில் கிடந்த ரொக்வூல் சுருளைப் பிரித்தேன். சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டு, ஏணியில் ஏறி, குழாயைச் சுற்றத் தொடங்கினேன். தனியாகச் சுற்றுவது கஷ்டம். மற்ற நுனியைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். முழங்காலால் பிடித்துக்கொண்டேன்.

அந்தோனியம்மா அக்கா கோப்பையோடு திரும்பி வந்து கீழே நின்று பார்த்தா.

“என்ன தம்பி, குழாய்க்குக் குளிருதோ?”

“ஓம் அக்கா.”

கம்பியை முறுக்கிக் கட்டினேன். பிறகு கொதிகலன் பக்கம் போய் அங்கேயும் சுற்றினேன். கோகுலன் ஒவ்வொரு பக்கமும் ஒரு முழம்தான் சுற்றினவன். நான் ஒன்றரை முழம் சுற்றினேன்.