அறுபத்திரண்டு கிலோ

பழைய பேப்பர் குடோனில் தராசுக்கு நான்தான் ஆள், பதினெட்டு வருஷமாக. மூட்டையை மேடையில் ஏற்றுவார்கள், பெரிய வட்டத்தில் முள் சுற்றி நிற்கும், நான் சத்தமாக எடை சொல்வேன். நான் சொன்னதுதான் எடை. கொண்டுவந்தவனும் வாயைத் திறக்கமாட்டான், முதலாளியும் திறக்கமாட்டார்.

அந்தப் பேர் சும்மா வரவில்லை. தினமும் காலையில் கதவைத் திறந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நானே மேடையில் ஏறி நிற்பேன். அறுபத்திரண்டு காட்டினால் தராசு சரி. காட்டாவிட்டால் பின்பக்கத் தகரத்தைக் கழற்றித் திருகாணியைத் திருப்பி அறுபத்திரண்டுக்குக் கொண்டுவருவேன். மூலையில் இரும்பு எடைக்கற்கள் கிடக்கின்றன. அவற்றை நான் நம்புவதில்லை. இரும்பை எவன் வேண்டுமானாலும் ராவி எடுக்கலாம், அடியில் துளை போடலாம். என் உடம்பை எவன் ராவுவான்? கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அறுபத்திரண்டு கிலோ.

மழை விட்ட வாரத்தில் முள் அறுபத்திநாலில் நின்றது. ஈரம் பட்டு ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று திருகினேன். நாலு நாள் கழித்து அறுபத்தைந்து. மறுபடி திருகினேன். வெறும் மேடையில் முள் ஒழுங்காகப் பூஜ்யத்தில் நிற்கிறது, பாரம் ஏறினால் பொய் சொல்கிறது. எவனோ கைவைக்கிறான் என்று பட்டுவிட்டது. அதன்பிறகு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. தராசைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நடந்தால் மூச்சு வாங்கியது. உட்கார்ந்தால் செருப்பு வார் காலை அறுத்தது. எழுந்து மறுபடி நடந்தேன்.

வீட்டுக்காரி முதலில் கண்டுபிடித்தாள்.

"ஏங்க, காலப் பாருங்க. தூண் மாதிரி இருக்கு."

"நாள் பூரா நிக்கிறவன் கால் பின்ன குச்சியாவா இருக்கும்?"

"இன்னிக்கு நேத்தா நிக்கிறீங்க? ஒரு தலகாணி போதும்னு இருந்த மனுசன், இப்ப மூணு வச்சும் படுக்க முடியாம எந்திரிச்சு உக்காந்துக்கிறீங்க. அதுல ஒண்ணு என்னோடது. டாக்டர்கிட்ட போலாம்."

"டாக்டர் வீடு கட்டிட்டிருக்கான். செங்கல்லு வாங்க என்னத் தேடுறான்."

வாய்க்குத்தான் அது. உள்ளே கிடந்த பயம் வேறு. முதலாளியின் மச்சானுக்கு என் இடத்தின்மேல் கண். நம்பர் தானாக எரியும் தராசு வாங்கிப் போட்டால் ஆளே வேண்டாம் என்று ஒரு வருஷமாக ஓதுகிறான். எனக்குச் சீக்கு என்று ஒரு பேச்சுப் போனால் போதும், மறுநாள் நான் வெளியே. அதனால்தான் முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் நானாக வாங்கும் மாத்திரையைக்கூட ஒளித்துவைத்து, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று நாலு மாதமாக விழுங்கிக்கொண்டிருந்தேன்.

குடோனில் பேப்பரை அமுக்கிக் கட்டுப் போடுகிறவனுக்கு ரேடியோ என்று பேர். நாற்பது வயது, வாய் ஓயாது. அவன் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்தான்.

"அண்ணே, பழைய நோட்டுக் கொண்டுவர்ற அக்கா பொலம்புது. வீட்ல எடை போட்டுத்தான் கொண்டுவருதாம். இங்க வந்ததும் மூட்டை எளைச்சிருதாம்."

"அவ தராச எவன் பாத்தான்?"

அவன் போய் இருபது கிலோ இரும்புக்கல்லைத் தூக்கிவந்து மேடையில் வைத்தான். பதினெட்டரை.

"கல்லு தேஞ்சிருக்குடா."

பக்கத்தில் கட்டடம் கட்டுகிறார்கள். அங்கே போய்க் கெஞ்சி, பிரிக்காத சிமெண்டு மூட்டை மூன்றை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். மூட்டைக்கு ஐம்பது கிலோ. ஒவ்வொன்றாக ஏற்றினான். மூன்றுக்கும் முள் நாற்பத்தாறில்தான் நின்றது.

"மூணு மூட்டையும் பேசிவச்சு எளைச்சிருக்குமாண்ணே?"

நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அவனை ஒதுக்கிவிட்டு மேடையில் ஏறினேன். அறுபத்திரண்டு. ரேடியோவின் சிரிப்பு நின்றது.

"தராசு கொறச்சுக் காட்டுதுன்னா, நீங்க அஞ்சு கிலோ ஏறியிருக்கணுமே. மூஞ்சி வத்திப்போய்க் கெடக்கு. அத்தனையும் எங்கண்ணே வச்சிருக்கீங்க?"

குனிந்து கணுக்காலுக்குமேல் கட்டைவிரலால் அமுக்கினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. ஈர மண்ணில் பதிந்த மாதிரி. தராசில் எவனும் கைவைக்கவில்லை.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என் மகள் வயசு. அவள் தராசில் அறுபத்தேழு. "இத எப்ப சரிபார்த்தீங்க?" என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

"போன மாசம். பெரியவரே, என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டி, தலகாணி முதல் திருகாணி வரை எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இது உப்பையும் தண்ணியையும் உடம்புலயே பிடிச்சு வச்சுக்கும். இன்னியோட நிறுத்துங்க."

"நின்னு நின்னு வீங்குனதுன்னு நெனச்சேன்."

"நின்னாலும் வீங்கும், உப்பு கூடினாலும் வீங்கும். கிட்னி, கல்லீரல் கெட்டாலும் வீங்கும். ஒரே கால் திடீர்னு வீங்கி வலிச்சா ரத்தம் கட்டியிருக்கலாம், உடனே வரணும். உங்களுக்கு ரெண்டு கால்லயும் நீர், படுத்தா மூச்சு முட்டுது, வாரத்துல அஞ்சு கிலோ ஏறியிருக்கு. இதயம் தளர்ந்திருக்குன்னு தோணுது. டெஸ்ட் பண்ணிப் பாப்போம். இன்னும் ஒரு வாரம் திருகாணியத் திருகிட்டு இருந்திருந்தீங்கன்னா உங்களத் தூக்கிட்டுத்தான் வந்திருப்பாங்க."

டெஸ்டில் இதயம்தான் என்று வந்தது. ஆறு நாள் படுக்கை. நீர் பிரிய ஊசி போட்டார்கள். நாலரை கிலோ மூத்திரமாகவே போயிற்று. அந்த ஆறு நாளும் என் நாற்காலியில் மச்சான் உட்கார்ந்திருப்பான் என்றே கட்டிலில் புரண்டேன். ரேடியோ வந்து சொன்னான்: "உக்காந்தான்ணே. யாரும் அவன்கிட்ட மூட்டைய எறக்கல. நீங்க வரட்டும்னு வாசல்ல அடுக்கி வச்சிருக்காங்க." பொய்யோ மெய்யோ, அன்றைக்குத் தூங்கினேன்.

திரும்பிய அன்று எடைக்கற்களை வைத்துத் தராசைச் சரிசெய்தேன். நான் குறைத்துச் சொன்ன நாட்களில் வந்தவர்களையெல்லாம் முதலாளியிடமே கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னேன். நோட்டுக்கார அக்கா என் காலை எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கிட்ட எடுத்தத எல்லாம் அங்கதான் வச்சிருந்தீங்களா?" என்றாள்.

டாக்டர் சொன்னபடி தினமும் காலையில், சாப்பிடுமுன், ஒரே தராசில் ஏறிச் சுவரில் கரியால் எழுதுகிறேன். ரெண்டு மூன்று நாளில் ரெண்டு கிலோ ஏறினால் காத்திருக்காமல் வரச்சொல்லியிருக்கிறாள்.

முந்தாநாள் அறுபத்திரண்டரை. இன்று அறுபத்திநாலரை. கை தானாகத் திருகாணிக்குப் போயிற்று. இழுத்துக்கொண்டு இறங்கி, இரும்புக்கல்லைத் தூக்கச் சொல்லி ரேடியோவைக் கூப்பிட்டேன். வைத்தான். முள் இருபதில் நின்றது.

"தராச நீ பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். வார் எட்டவில்லை. கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.