கிரகணத்துக்கு இரண்டு நாள் முன்பு

1

பிறப்பதற்கு நான்கு மாதம் இருக்கும்போதே ஒரு குழந்தை வாயைத் திறந்து என்னிடம் பேசியிருக்கிறது. சிரிக்காதீர்கள். வாஹாக்கா பள்ளத்தாக்கில் முப்பத்தோரு வருஷம் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுத்தவன் நான். பதினோராயிரம் முகங்களை, பெற்ற தாய்க்கும் முன்னால் பார்த்தவன். (நாலாயிரம்தான் என்பாள் என் மனைவி ஹசிந்தா. அதே அறையில் நர்ஸாக இருந்தவள். நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டு மீதியையும் நம்பாதவள்.) இந்தக் கதை அந்தக் குழந்தையின் வாயிலிருந்துதான் வந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஓத்திலியா அழகான பெண். அவளுடைய கண்கள்"

வேண்டாம். அவள் கண்ணைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

சரி, கட்டுரை மாதிரி தொடங்குவோம். முகம் ஒரே துண்டாக வருவதில்லை. ஐந்தாவது வாரத்தில் நீங்களும் நானும் மீன்குஞ்சுகள், கழுத்தெல்லாம் மடிப்பு. பிறகு நெற்றியிலிருந்து ஒரு துண்டு இறங்கும், இரண்டு பக்கமிருந்தும் ஒவ்வொன்று வரும். தமால் கொழுக்கட்டைக்குச் சோளத்தோலை இருபுறமும் மடிப்போமே, அப்படி. மூக்குக்குக் கீழே வந்து ஒட்டும். மேலுதட்டை விரலால் தடவிப் பாருங்கள், அந்தச் சின்னப் பள்ளம் அங்கேதான் இருக்கிறது. உதடு ஏழாவது வாரத்துக்குள் முடிந்த காரியம். பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே அப்போதுதான் தெரியும். சில சமயம் ஒரு பக்கம் வந்து சேராமலே போகும். ஏன் என்று கேட்டால் டாக்டர்கள் கையை விரிப்பார்கள்.

3

1991 ஜூலை ஒன்பது. ஓத்திலியாவுக்கு ஐந்து மாதம், ஸ்கேனுக்கு வந்திருந்தாள். கூடவே மாமியார் தோன்யா ப்ருடென்சியா. பதினோராம் தேதி நடுப்பகலில் சூரியன் முழுசாக மறையப்போகிறது. கிரகணம் வயிற்றுப் பிள்ளையின் உதட்டைக் கடித்துவிடும் என்று ஊரே நடுங்கியது. பிள்ளைத்தாய்ச்சிகள் காப்புக்கென்று பாவாடையில் ஊக்கு குத்தி, சிவப்பு நாடா கட்டிக்கொண்டு திரிந்தார்கள். எலுமிச்சை மரத்துக்கும் நாடா, சினை ஆட்டுக்கும் நாடா.

"என் பேரன் எப்படி இருக்கான், தோன் எலியோ?" என்றார் மாமியார். (எலியோ நான்தான். தோன், தோன்யா என்பதெல்லாம் எங்கள் ஊரில் மரியாதைக்கு.)

திரையில் குழந்தை வாயைத் திறந்தது. ஒரே ஒரு தடவை. திறந்த இடம் மூக்கு வரை கறுப்பாகப் போயிற்று.

டாக்டர் அன்று ஊரில் இல்லை. ஓத்திலியா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சினிமா நடிகன் மூஞ்சி, தோன்யா! பொண்ணுங்க வரிசை கட்டி நிப்பாங்க, வாசல் கதவைப் பெருசாப் போட்டு வையுங்க!" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஹசிந்தாவும்தான்.

(இங்கே "இரக்கத்தினால் பொய் சொன்னேன்" என்று எழுதி அடித்திருக்கிறேன். எதிரே இருப்பவர் சிரித்தால் போதும் எனக்கு, அவ்வளவுதான் காரணம்.)

4

கிரகணத்தன்று ஓத்திலியாவின் சினை ஆடு கழுத்து நாடாவை அறுத்துக்கொண்டது. வானம் இருட்டத் தொடங்கிவிட்டது. கைக்கு வேறெதுவும் அகப்படாமல், தன் இடுப்பிலிருந்த ஊக்கைக் கழற்றி ஆட்டின் நாடாவைச் சேர்த்துக் குத்தினாள்.

ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒரு குறையும் இல்லாமல்.

நவம்பரில் பையன் பிறந்தான். உதடும் அண்ணமும் பிளந்திருந்தன. பால் உறிஞ்ச முடியவில்லை. இருபத்திரண்டு நாள் இருந்தான்.

"ஊக்கை ஆட்டுக்குக் குடுத்தா. என் பேரனுக்குக் குடுக்கல" என்றார் தோன்யா ப்ருடென்சியா, கல்லறைத் தோட்டத்தில், எல்லோரும் கேட்க. நானும் கேட்டேன். கையில் பூவோடு நின்றுகொண்டிருந்தேன்.

இன்று ஐம்பத்து மூன்று வயதிலும் ஓத்திலியா ஊக்கு குத்திக்கொள்கிறாள். யாருக்காக என்று யாரும் கேட்பதில்லை.

போன மாதம் போய் உண்மையைச் சொன்னேன். சந்தையில் மண்சட்டிக்குள் கையை முழங்கை வரை விட்டுத் தெஹாதே பானம் கலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தோன் எலியோ, வயித்துக்குள்ள ரெட்டைப் புள்ளைங்க குத்துச்சண்டை போட்டுச்சுன்னு சொன்ன ஆளு நீங்க. இதையும் என்னைத் தேத்தறதுக்காகக் கதை கட்டிட்டு வந்திருக்கீங்க."

"சத்தியமா, பொண்ணே. ஏழாவது வாரத்துலயே முடிஞ்சு போன விஷயம். கிரகணத்துக்கு முன்னாடியே நான் கண்ணால"

"ஹசிந்தா அக்கா சொல்லட்டும். நம்புறேன்."

ஹசிந்தாவிடம் வந்து கெஞ்சினேன்.

"அந்த ஓட்டை மிஷின்ல என்னய்யா தெரிஞ்சுது? ஒரே புகை. செத்த புள்ளைய வச்சுமா கதை கட்டுவே, கிழவா?"

ஊரை முப்பது வருஷம் சிரிக்க வைத்ததற்குக் கூலி: என் வாயிலிருந்து வரும் ஒரே உண்மைக்கு ஆள் இல்லை.

5

முடிவு ஒன்று: ஓத்திலியா ஊக்கைக் கழற்றி எறிகிறாள். அழகாக இருக்கிறது, பொய்.

முடிவு இரண்டு: என்னைச் செருப்பால் அடிக்கிறாள். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் இதில் நிம்மதி எனக்கு மட்டும்தான்.

முடிவு மூன்று: அவளை அந்த ஊக்கோடேயே ஒரு நாள் சவப்பெட்டியில் வைத்து

இதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என் கை ஓடவில்லை.

6

இன்று காலை காப்பி கொண்டுவந்த ஹசிந்தா தாள்களை எடுத்து வாசித்தாள். வழக்கமாக என் எண்களைத்தான் திருத்துவாள். மூன்றாம் பகுதியில் அவள் விரல் நின்றது, நகரவில்லை.

"இது தப்பு" என்றாள்.

"எது? பதினோராயிரமா?"

"ஒரே ஒரு தடவைன்னு எழுதியிருக்கே." தாளை மடியில் வைத்துக்கொண்டாள். "ரெண்டு தடவை வாயைத் திறந்துச்சு, எலியோ. ரெண்டாவது தடவை நீ அந்தப் பொண்ணு பக்கம் திரும்பிட்டே. நான்தான் பார்த்துட்டு நின்னேன்."